தூண்டிலில் தெரியாத மீன் மாட்டினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் நீரோடிக்கு அடுத்த கரை பொழியூர். மணலில் கோடு எதுவும் போட்டிருக்காது, ஆனால் இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் கேரளம். எங்கள் கரையில் காலையில் ஏறும் மீன் மதியத்துக்குள் களியக்காவிளையிலோ பாறசாலையிலோ வேறொரு பெயரில் விலைபோகும். நான் ஏலக் கணக்கு எழுதுகிறவன், மீன் படித்தவன் அல்ல. ஆனால் "அண்ணா, இது என்ன மீன்?" என்று போனில் படம் வராத நாள் இல்லை. தூண்டில் போடப் பாறைக்கு வருகிற வெளியூர்ப் பிள்ளைகள், புதிதாகக் கடலுக்குப் போகிறவர்கள், சந்தையில் ஏமாந்தவர்கள் என்று எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். அவற்றை இங்கே சேர்த்து வைக்கிறேன்.

பெயர் தெரியாத மீன் மாட்டிவிட்டது. முதலில் என்ன செய்வது?

வெறும் கையால் தொடாதீர்கள். குறடால் தூண்டில் முள்ளைப் பிடித்துக்கொண்டு, மீனை ஈரச் சாக்கில் படுக்க வையுங்கள். அடுத்த வேலை படம் எடுப்பது. உயிர் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் நிறம் நிற்காது. மாஹி மாஹி என்று ஏற்றுமதிக்காரர்கள் சொல்கிற மீனைப் பார்த்திருக்கிறீர்களா? கடலிலிருந்து தூக்கும்போது மஞ்சளும் பச்சையும் நீலமுமாக மயில் கழுத்து மாதிரி மின்னும். வள்ளம் கரையேறுவதற்குள் சாம்பல் நிறம். அந்தச் சாம்பல் மீனைப் படம் பிடித்து அனுப்பி "நிறம் என்ன" என்று என்னைக் கேட்டால் நான் எங்கே போவது?

படம் எப்படி எடுத்தால் உதவும்?

மீனைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிற படம் வீட்டுக்கு. அடையாளம் காண அது போதாது.

மீனின் தலை உங்கள் இடது கைப் பக்கம் வரும்படி பக்கவாட்டில் கிடத்துங்கள். செட்டைகளை (துடுப்புகளை) விரித்துவிடுங்கள், முதுகுச் செட்டை படுத்தே கிடந்தால் பாதி அடையாளம் மறைந்துவிடும். பக்கத்தில் ஒரு அளவுகோல் வையுங்கள். அது இல்லையென்றால் தீப்பெட்டி, பத்து ரூபாய் நாணயம் என்று அளவு தெரிந்த எதுவானாலும் சரி. அப்புறம் வாயைத் திறந்து பல்லை ஒரு படம், செவுள் மூடியைத் தூக்கி உள்ளே ஒரு படம், வாலை நெருக்கத்தில் ஒரு படம், வயிற்றுப் பக்கம் ஒன்று. எங்கே பிடித்தது, எத்தனை பாகம் (ஒரு பாகம் சுமார் ஆறடி) ஆழம், தூண்டிலா வலையா, என்ன இரை என்பதையும் கூடவே எழுதி அனுப்புங்கள். ஆழம் ஒன்றே பாதி மீன்களைப் பட்டியலிலிருந்து தள்ளிவிடும்.

உடம்பில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

நிறத்தைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் முதுகு. செட்டை ஒன்றா, இரண்டா? முன்பாதி முள்ளாகக் குத்துகிறதா, முழுக்க மெத்தென்று வளைகிறதா? சாளைக்கு ஒரே செட்டை, முள் கிடையாது. கலவாவுக்கும் ஒன்றுதான், ஆனால் முன்பாதி எல்லாம் முள்.

அயிலை, சூரை, நெய்மீன் மூன்றுக்கும் இரண்டாவது செட்டையிலிருந்து வால்வரை சின்னச் சின்னத் துண்டுச் செட்டைகள் ரம்பப் பல் மாதிரி வரிசையாக நிற்கும். மேலே எப்படியோ கீழேயும் அப்படியே. இது இருந்தால் முக்கால்வாசி சூரைக் குடும்பம்தான். அந்த மீதிக் கால்வாசியில்தான் ஆட்கள் தவறுகிறார்கள். வங்கடைக்கும் துண்டுச் செட்டை உண்டு. ஆனால் வங்கடையின் வால் பக்கம் விரலை வைத்து வாலிலிருந்து தலைப் பக்கமாக இழுத்துப் பாருங்கள், கீறிவிடும். பக்கவாட்டுக் கோட்டின் மேல் தகடு தகடாகக் கெட்டிச் செதும்பல் (செதில்) அடுக்கியிருக்கும். அந்தத் தகடு பாரைக் குடும்பத்தின் கையெழுத்து. பாரை எல்லாவற்றுக்கும் அது இருக்காது, இருந்தால் அது பாரை வகை.

செவுள் மூடியிலிருந்து வால்வரை ஓடுகிற அந்தப் பக்கவாட்டுக் கோட்டையும் விடாதீர்கள். நேராக ஓடுகிறதா, வளைகிறதா, எந்த இடத்தில் சரிகிறது? நிறம் வெளுத்தாலும் இது மாறாது. வால் பிறை மாதிரியா, கவை மாதிரியா, உருண்டையா என்றும் பாருங்கள். வாய் முன்னால் இருக்கிறதா, அடியில் இருக்கிறதா, மீசை உண்டா என்பதும் முக்கியம். பெரிய கண்ணும் கறுத்த உடம்பும் என்றால் பெரும்பாலும் ஆழத்து மீன்.

தலையில் உறிஞ்சுத் தட்டு இருக்கிறதா என்று ஒரு தடவை தடவிப் பாருங்கள். சுறாவோடு ஒட்டிப் போகிற மீனும் கடல் விராலும் குட்டியில் அச்சாக ஒன்றுபோல் இருக்கும். கடல் விரால் என்றால் பொழியூரில் மோதா. தலையில் தட்டு இருந்தால் ஒட்டுமீன். இல்லாமல், முதுகில் ஏழெட்டுத் தனித்தனிக் குட்டை முள் நின்றால் மோதா. விலையில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

ஒரே மீனுக்கு ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்களே, எதை நம்புவது?

எல்லாமே சரிதான், அதுதான் சிக்கல். சென்னைக்காரர் வஞ்சிரம் என்பது எங்களுக்கும் மலையாளிக்கும் நெய்மீன். வவ்வால் எல்லை தாண்டினால் ஆவோலி. திருக்கை அங்கே திரண்டி. இதெல்லாம் பரவாயில்லை, பெயர்தான் மாறுகிறது. ஒரே பெயர் வேறு மீனுக்குப் போவதுதான் ஆபத்து. ராமேஸ்வரம்காரர் கிளிமீன் என்றால் பவளப்பாறையில் மேய்கிற, கிளி மூக்குள்ள பச்சை மீன். திருவனந்தபுரத்தில் கிளிமீன் என்றால் இழுவை மடியில் கூடைகூடையாக வருகிற இளஞ்சிவப்பு மீன், சென்னையில் சங்கரா என்று விற்பதன் சொந்தக்காரன். தமிழில் கோலா என்றால் பறக்கிற மீன், மலையாளத்தில் கோலான் என்றால் ஊசி மூக்கு நீண்ட முரல்.

அதனால் யாராவது பெயர் சொன்னால், எந்த ஊர்ப் பெயர் என்று சேர்த்துக் கேளுங்கள். கடைசியில் விஞ்ஞானப் பெயரில் கொண்டுபோய் நிறுத்தினால்தான் சண்டை தீரும்.

நெய்மீன் என்று வாங்கினேன், ருசி அப்படி இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?

அப்படியும் இருக்கலாம். வாகூ என்று ஒரு மீன் ஆழ்கடலில் சூரையோடு மாட்டும். நீளம், பட்டை, கூர் மூக்கு எல்லாம் நெய்மீன் போலவே இருக்கும். சதை கொஞ்சம் வறட்டு. துண்டு போட்டபின் கண்டுபிடிப்பது கஷ்டம். முழு மீனாக இருந்தால் மூன்று இடம் பாருங்கள்.

முதல் முதுகுச் செட்டையின் முள்ளை எண்ணுங்கள். பட்டை போட்ட நெய்மீனுக்கு 15 முதல் 18, வாகூவுக்கு 23 முதல் 27. அடுத்தது பக்கவாட்டுக் கோடு. நெய்மீனில் இரண்டாவது முதுகுச் செட்டை முடிகிற இடத்துக்குக் கீழே படியிறங்குவது போலச் சட்டென்று சரியும். வாகூவில் அந்தச் சரிவு முதல் செட்டையின் நடுவிலேயே வந்துவிடும். மூன்றாவது செவுள். செவுள் வளைவின் உள்பக்கம் சீப்புப் பல் மாதிரி நிற்கும், நெய்மீனில் சிலவாவது இருக்கும். வாகூவில் ஒன்றுகூட இருக்காது.

ஒரு தடவை இதை ஏலத்தில் எண்ணிக் காட்டினேன். எடுத்துவிட்ட மாமா, "எண்ணிக்கிட்டே இரு மக்கா, நான் வித்துட்டு வாரேன்" என்று கூடையைத் தூக்கிப் போய்விட்டார்.

சுறாவா, திருக்கையா என்று தெரியாத ஒன்று வந்திருக்கிறது.

செவுள் வெட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கழுத்தின் பக்கவாட்டில் இருந்தால் சுறா. வயிற்றுப் பக்கம் அடியில் இருந்தால் திருக்கைக் கூட்டம். உழுவை என்ற மீன் பார்க்கச் சுறா மாதிரிதான் இருக்கும், ஆனால் வெட்டு அடியில், ஆகவே திருக்கை வகை. மூக்கில் ரம்பம் வைத்த வேளாவும் அப்படியே. சுறாவுக்குப் பொதுவாகப் பக்கத்துக்கு ஐந்து வெட்டு. ஆறோ ஏழோ எண்ணினால் ஆழத்திலிருந்து வந்த பழைய வகை, அதைப் படம் எடுக்காமல் விட்டுவிடாதீர்கள்.

சாப்பிடலாமா?

பெயர் உறுதியாகும்வரை வேண்டாம். இது ஒன்றைத்தான் நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். கரையில் சொல்கிற சோதனைகளை நம்பாதீர்கள். வெள்ளிக் காசு போட்டுக் கொதிக்க வைத்தால் கறுக்கும், பூனை முகர்ந்துவிட்டுப் போகும், ஈ மொய்க்காது என்பதெல்லாம் கதை. மீன் நஞ்சு எதையும் இவை காட்டாது.

பேத்தை முதலாவது. பந்து மாதிரி ஊதும், வாயில் மேலே இரண்டு கீழே இரண்டு என்று நான்கு பல் தகடு சேர்ந்து கிளி மூக்காக நிற்கும். இதன் ஈரல், சினை, சில வகைகளில் தோலும் சதையும் நஞ்சு. கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் போகாது. உதடும் நாக்கும் மரத்துப்போவதில் தொடங்கி மூச்சு நிற்பது வரை போகும், முறி மருந்து கிடையாது. ஆஸ்பத்திரியில் மூச்சுக்கருவி வைத்துக் காப்பாற்றுவதுதான் வழி. தோல் முழுக்க நீள முள் நிற்பது முள்பேத்தை. அதற்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டே தகடு. அதையும் தொட வேண்டாம்.

கிளாத்தியை இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். விழிஞ்ஞத்திலும் எங்கள் பக்கத்திலும் இப்போது நிறையக் கிடைக்கிற, கருநீல உடம்பும் பிறை வாலும் உள்ள மீன். வாயைத் திறந்தால் வெற்றிலை போட்ட மாதிரி பல் சிவந்திருக்கும். முதுகில் முதல் முள்ளை நிமிர்த்திவிட்டு அழுத்திப் பாருங்கள், மடங்காது. பின்னால் இருக்கிற சின்ன முள்ளை அமுக்கினால் டக்கென்று படுத்துவிடும். துப்பாக்கி விசை மாதிரி. எங்கள் பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. கெட்டித் தோலை உரித்துவிட்டுக் கறி வைப்பார்கள்.

இரண்டாவது, நஞ்சு இல்லாமலே மானத்தை வாங்குகிற மீன். என் மச்சான் ஆழ்கடல் படகில் போய்த் திரும்பும்போது ஒரு கறுத்த மீன் கொண்டுவந்தான். வாலுக்கு முன்னால் துண்டுச் செட்டை இருந்ததால் கறுத்த சூரை என்று நினைத்தோம். சதை வெண்ணெய் மாதிரி வெள்ளை. "எண்ணெயே ஊத்தவேண்டாம் மக்கா, தானே பொரியுது" என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ருசி என்றால் அப்படி ஒரு ருசி. மறுநாள் வீட்டில் எட்டுப் பேருக்கும் ஒரே கழிப்பறை. ஆரஞ்சு நிறத்தில் எண்ணெய் தானாகவே இறங்கியது, உடுத்த துணி எல்லாம் போயிற்று. எஸ்கோலார் என்று பெயராம். இதன் சதையில் இருப்பது மெழுகு வகைக் கொழுப்பு, மனித வயிறு செரிக்காமல் அப்படியே தள்ளிவிடும். ஜப்பானில் விற்கவே தடை. அதன் பக்கவாட்டுக் கோடு பாம்பு போல மேலும் கீழும் நெளிந்து ஓடும், அன்றைக்கு அதைப் பார்த்திருந்தால் போதும். இதற்குச் சொந்தமான எண்ணெய் மீன் இன்னொன்று உண்டு, தோல் தேங்காய்த் துருவி மாதிரி முள்முள்ளாக இருக்கும்.

மூன்றாவது, பவளப்பாறைப் பக்கத்துப் பெரிய செம்மீன்களும் (மலையாளத்து இறால் அல்ல, ரெட் ஸ்நாப்பர்) கலவாக்களும். பாசியில் உண்டாகும் நஞ்சு சின்ன மீன் வழியாகப் பெரிய மீனில் சேர்ந்துவிடும். 2016-ல் மங்களூரில் செம்மீன் தலை சாப்பிட்டுப் பலர் படுத்தது இதனால்தான். குளிர்ந்த தண்ணீர் சுடுகிற மாதிரி உணர்வு வருவது இதன் குறி. மீனைப் பார்த்தோ முகர்ந்தோ கண்டுபிடிக்க முடியாது. தெரியாத பாறைப் பகுதியில் பிடித்த மிகப் பெரிய மீனின் தலை, ஈரல், சினை மூன்றையும் ஒதுக்கிவிடுங்கள்.

கடைசியாக, தெரிந்த மீனே வெயிலில் கிடந்தால் பகையாகும். சூரையும் அயிலையும் ஐஸ் இல்லாமல் கிடந்தால் உண்டாகும் பொருள் முகச்சிவப்பு, தலைவலி, தடிப்பு தரும். சமைத்தாலும் போகாது.

முள் குத்திவிட்டது. என்ன செய்ய?

கெளுத்தி, திருக்கை, கல் மாதிரி பாறையில் கிடக்கிற மீன், இறகு விரித்த வரிக்குதிரை போன்ற சிங்கமீன் என்று இவற்றின் முள் நஞ்சு சூட்டில் கெடும். குத்திய கையையோ காலையோ பொறுக்கிற அளவு வெந்நீரில் முக்கி வையுங்கள், சுமார் 45 டிகிரி. அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம். வலியில் சூடு தெரியாது, ஆகவே குத்துப்படாத இன்னொருவர் கை வைத்துப் பார்க்கட்டும். வெந்துபோன காலோடு ஆஸ்பத்திரிக்குப் போனவரை எனக்குத் தெரியும். திருக்கை முள் நெஞ்சிலோ வயிற்றிலோ ஏறியிருந்தால் பிடுங்காதீர்கள், அப்படியே ஆஸ்பத்திரி. எதுவானாலும் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

பாம்பா, மீனா?

செவுள் ஓட்டையும் ஓரமாக ஓடுகிற செட்டையும் இருந்தால் விலாங்கோ அஞ்சாளையோ. செட்டையே இல்லாமல், உடம்பெல்லாம் செதும்பலும் துடுப்பு மாதிரி தட்டை வாலும் இருந்தால் கடல் பாம்பு. கடி வலிக்காது, அதனால்தான் ஆபத்து. வலையை அவிழ்க்கும்போது கையால் எடுக்காமல் கம்பால் தள்ளிவிடுங்கள்.

பிடித்தால் வழக்கு வரும் மீன் எவை?

1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் கடலுக்கும் உண்டு. 2001-ல் திமிங்கலச் சுறா, வேளா, பெரிய உழுவை, கடல்குதிரை, கடல் அட்டை எல்லாம் அதன் முதல் அட்டவணையில் சேர்ந்தன. 2022 திருத்தத்துக்குப் பின் பட்டியல் இன்னும் நீண்டது. முதுகில் வெள்ளைப் புள்ளி போட்ட பஸ் அளவு சுறா வலைக்குள் வந்தால் வலையை அறுத்து விட்டுவிடுங்கள். தெரியாமல் பிடித்தேன் என்பது சந்தையில் படம் வைரலான பிறகு எடுபடாது.

வாய் வழியாக வயிறு வெளியே தள்ளியிருக்கிறது, கண் பிதுங்கியிருக்கிறது. நோயா?

இல்லை. ஆழத்திலிருந்து வேகமாகத் தூக்கியதால் உள்ளிருக்கும் காற்றுப்பை ஊதி வயிற்றைத் தள்ளிவிட்டது. அடையாளம் காணும்போது பிதுங்கிய கண்ணை வைத்து "பெரிய கண்" என்று எழுதிவிடாதீர்கள்.

ஆனி, ஆடியில் மட்டும் ஏன் புதுப்புது மீனாக வருகிறது?

தென்மேற்குக் காற்றில் இந்தக் கரை நெடுக அடித்தண்ணீர் மேலே ஏறும். குளிர்ந்த, பிராணவாயு குறைந்த தண்ணீர் அது. அடியில் கிடக்கிற மீன்கள் அதற்குத் தப்பி மேலேயும் கரைப்பக்கமும் ஒதுங்கும். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் எங்கள் பக்க விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், ஆகவே அந்த மீன்களை முதலில் பார்ப்பது தூண்டில்காரரும் கரைமடிக்காரரும்தான்.

நீளமாக வெள்ளிப் பட்டை மாதிரி, தலையில் சிவப்புக் கொண்டையோடு ஒன்று ஒதுங்கியது. சுனாமி வருமா?

துடுப்பு மீன். 2004-ஐப் பார்த்த கரை என்பதால் இந்தக் கேள்வியின் பயம் எனக்குப் புரியும். ஆனால் ஜப்பானில் 1928 முதல் 2011 வரை இத்தகைய மீன்கள் தென்பட்டதையும் நிலநடுக்கங்களையும் ஒப்பிட்டு 2019-ல் வெளியான ஆய்வில் தொடர்பு எதுவும் தெரியவில்லை. படத்தைப் பயமுறுத்தும் குரலோடு பரப்பாமல் ஆய்வாளர்களுக்கு அனுப்புங்கள்.

செல்போன் செயலி சொல்கிற பெயரை நம்பலாமா?

குடும்பம் வரைக்கும் சரியாகச் சொல்லும், இனத்தில் தடுமாறும். அது சொன்ன பெயரை ஃபிஷ்பேஸ் தளத்தில் போட்டு, முள் எண்ணிக்கையும் வாழும் கடலும் பொருந்துகிறதா என்று பாருங்கள். 35,000-க்கும் மேற்பட்ட மீன் இனங்கள் அதில் உண்டு. அட்லாண்டிக்கில் மட்டும் வாழ்கிற மீன் நீரோடியில் மாட்டியதாகச் செயலி சொன்னால் செயலிதான் தப்பு.

யாரிடம் கொண்டுபோய்க் காட்டலாம்?

மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947-ல் தொடங்கியது, தலைமையிடம் கொச்சி. நமக்குப் பக்கம் விழிஞ்ஞம் மையம், பூவார் வழியாகப் போய்விடலாம். மீனை உடைத்த ஐஸில் பாலித்தீன் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். உடனே போக முடியாவிட்டால் செட்டையில் நகம் அளவு வெட்டி, சுத்தமான ஆல்கஹாலில் போட்டு வையுங்கள். மரபணு பார்க்க அது போதும். ஃபார்மலினில் போட்டால் உருவம் நிற்கும், மரபணு கெட்டுவிடும்.

புது இனமாக இருந்தால் என் பெயர் வைப்பார்களா?

பெரும்பாலும் அது ஏற்கெனவே பெயருள்ள, நமக்குத்தான் புதிய மீனாக இருக்கும். அப்படியே புதிதானாலும் பெயர் வைப்பது அதை விவரித்து எழுதுகிறவர். 1938-ல் தென்னாப்பிரிக்காவில் ஒரு மீன்பிடிக் கப்பலின் வலையில் சீலகாந்த் மாட்டியது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே அழிந்ததாக நினைத்திருந்த மீன். பிடித்த கேப்டன் பெயர் அதற்கு வரவில்லை. குவியலில் அதைக் கண்டு ஒதுக்கி வைத்த அருங்காட்சியகப் பெண் கோர்ட்டனே லாட்டிமரின் பெயரைத்தான் ஸ்மித் என்ற மீனியல் அறிஞர் வைத்தார். ஆனால் ஸ்மித் வந்து பார்ப்பதற்குள் மீன் அழுகாமலிருக்க உள்ளுறுப்பை எல்லாம் எடுத்து எறிந்துவிட்டார்கள், மிஞ்சியது பாடம் செய்த தோல்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க இன்னொரு மீனுக்காக அவர் 1952 வரை, 14 வருடம் காத்திருந்தார்.

அதனால் குடலோடு ஐஸில் வையுங்கள். "அழுக்கு மீனைக் கொண்டுபோனால் நம்மை என்ன நினைப்பார்கள்" என்று வீட்டில் யாராவது மீனைக் கழுவ உட்கார்ந்தால் கத்தியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.